டுரியான் தோப்பில் கால் நீட்டி உட்காருபவர்கள்

வாசகர் கடிதம்:

ஐயா, நாங்கள் மலேசியாவில், பகாங்கில் குவாலா லிப்பிஸ் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது. செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், காட்டோரமாக இரண்டு ஏக்கர் டுரியான் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் கவனிக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் கடுமையான காய்ச்சல். டிங்கி என்று நினைத்து இரண்டு நாள் பெனடோல் கொடுத்துப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு 'குரங்கு மலேரியா' என்றார்கள். ஐந்து நாள் வார்டில் இருந்துவிட்டு நல்லபடியாக வந்துவிட்டார். அதன்பின் சுகாதார அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். புகை அடிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தோப்பில் உட்கார்ந்து, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, காலில் வந்து உட்காரும் கொசுவைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக்கொண்டு நடு இரவில்தான் கிளம்பினார்கள். இனி மாதம் ஒருமுறை வர அனுமதி கேட்கிறார்கள். கம்பத்தில் (கிராமத்தில்) எல்லாரும் சிரிக்கிறார்கள். கொசுவை எண்ணி என்ன ஆகப்போகிறது? மருந்தடிக்கலாம், இல்லை குரங்கைச் சுட்டுத் தள்ளலாமே? அப்பா திரும்பத் தோப்புக்குப் போகலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒட்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு அப்பாவிடமிருந்து ஒட்டாது. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவுகிற காய்ச்சல் இல்லை இது. நோயாளியைக் கடித்த கொசு இன்னொரு மனிதருக்கு இதைக் கொண்டுபோக முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் வெளியே, இயற்கையில் அப்படி நடந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. குரங்கைக் கடித்த கொசு மனிதரைக் கடிப்பதால் வருவதுதான் நமக்குத் தெரிந்த வழி. சில மலேரியாக்கள் ஈரலில் பதுங்கிக் கிடந்து மாதக்கணக்கு கழித்துத் திரும்பி வரும். இது அந்த ரகமும் இல்லை. அப்பா மருந்தை முழுதாக முடித்து, மறுபரிசோதனையில் ரத்தம் சுத்தம் என்று சொல்லியிருந்தால் அந்தக் கதை முடிந்தது. ஆனால் ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராது என்று இல்லை. மறுபடி கடி வாங்கினால் மறுபடி வரும்.

சரி, இனி அந்த நான்கு பேரைப் பற்றி. நான் முப்பது வருடம் அதே வேலையைச் செய்தவன். உங்கள் கம்பத்தில் சிரிப்பது போல எத்தனையோ கம்பத்தில் என்னைப் பார்த்தும் சிரித்திருக்கிறார்கள். பழம் விழும் காலத்தில் டுரியான் தோப்பில் உட்காரும்போது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கீழே முழங்கால் வரை வெறும் காலோடு இருப்போம். பார்ப்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்! அதனால் கோபம் இல்லை. ஆனால் 'வீண் வேலை' என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன்.

முதலில் புகை. புகை அடிப்பது டிங்கிக்காக நம் ஊரில் பழகிப்போன ஒன்று. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் வாழ்வது. அதற்கே புகை பாதி மருத்துவம்தான். அந்த நேரத்தில் பறக்கும் கொசு சாகும், தேங்கின தண்ணீரில் இருக்கும் புழு அப்படியே இருக்கும். அப்பாவைக் கடித்தது அந்தக் கொசுவே இல்லை. அது அனோஃபிலிஸ் வகையில் லூக்கோஸ்ஃபைரஸ் என்ற ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. காட்டு நிழலில் பிறந்து, அங்கேயே ஓய்வெடுத்து, வெளியிலேயே கடிக்கிறது. சுவரில் உட்காருவது அதன் பழக்கம் இல்லை. இரண்டு ஏக்கருக்குப் புகை அடித்தால் பின்னால் இருக்கும் காட்டில் அது பாட்டுக்கு இருக்கும், மறுநாள் சாயங்காலம் வந்துவிடும்.

இந்த ஒரு பழக்க வேறுபாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் நாட்டுக் கணக்கையே பாருங்கள். 1961-இல் சுமார் 240,000 பேருக்கு மலேரியா வந்த நாடு இது. 1967-இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் மருந்து தெளித்தார்கள், பிற்பாடு மருந்தில் நனைத்த கொசுவலை வந்தது, காய்ச்சல்காரர்களைத் தேடிப்போய் ரத்தம் எடுத்தார்கள். இரவில் வீட்டுக்குள் வந்து கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசுவுக்கு இதெல்லாம் சரியான அடி. 2018 தொட்டு, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா ஒன்றுகூட இல்லை என்கிற நிலைக்கு மலேசியா வந்தது. அதே 2018-இல் குரங்கு மலேரியா வந்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். சுவரும் வலையும் காட்டுக் கொசுவைத் தொடவே இல்லை.

அடுத்து குரங்கு. கோபம் எனக்குப் புரிகிறது. டுரியான் பயிரிடுபவர்களுக்குக் குரங்கின் மேல் ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அனுமதி இல்லாமல் சுடுவது சட்டப்படி குற்றம் என்பதை ஒரு பக்கம் வையுங்கள். சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் 108 காட்டுக் குரங்குகளின் ரத்தத்தைப் பார்த்தபோது, நான்கில் மூன்றுக்கு மேல் இந்தக் கிருமி இருந்தது. நோலெசி என்பது அதன் பெயர். அந்தக் குரங்குகளுக்கு அது பெரிய நோயாகத் தெரியவில்லை. வெகு காலமாகச் சேர்ந்தே வாழ்ந்து பழகிவிட்டன. உங்கள் தோப்பில் பத்தைச் சுட்டால் காட்டில் மிச்சம் இருப்பவை ஏராளம், காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வரும். அதோடு, குரங்கு கிடைக்காத கொசு பட்டினி கிடக்கும் என்று நினைக்கிறீர்களா? தோப்பில் இருக்கும் மனிதரைத் தேடித்தான் வரும்.

இந்த இடத்தில் பிரேசிலைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே காட்டு மரங்களின் உச்சியில் வாழும் ஹீமகோகஸ், சபேத்தஸ் என்ற கொசுக்கள் மஞ்சள் காய்ச்சலைக் குரங்குகளுக்கிடையே பரப்புகின்றன. அங்குள்ள ஊளைக் குரங்கு இந்தக் காய்ச்சல் வந்தால் கொத்துக் கொத்தாகச் செத்து விழும். அதனால் காட்டில் குரங்கு செத்துக் கிடக்கிறது என்று தகவல் வந்தாலே சுகாதாரத் துறை தடுப்பூசியோடு கிளம்பும். 2016 கடைசியில் தொடங்கி 2018 வரை நடந்த பெரிய பரவலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்து, 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நேரத்தில் பயந்துபோன சனங்கள் சில இடங்களில் குரங்குகளையே அடித்துக் கொன்றார்கள். தகவல் சொல்ல வந்தவரை அடித்தது மாதிரி.

இப்போது நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிரேசிலில் குரங்கு சாகிறது, மனிதர்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது. நம் குரங்கு சாவதில்லை. நோலெசியை உடம்பு முழுக்க வைத்துக்கொண்டு உங்கள் டுரியானைப் பறித்துத் தின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. அப்புறம் எஞ்சியிருப்பது இரண்டே வழிதான்: ஒன்று, உங்கள் அப்பா மாதிரி ஒருவர் வார்டில் படுக்கும்வரை காத்திருப்பது, இன்னொன்று, கொசுவைப் பார்ப்பது. அந்த நான்கு பேர் செய்வது இரண்டாவது.

அவர்கள் குழாயோடு கொண்டுபோன கொசு என்ன ஆகிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்கிறேன். ஒவ்வொரு குழாயிலும் எந்த இடம், எந்த மணி என்று எழுதியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை, எந்தக் கொசு என்று அடையாளம் காண்பது. லென்சுக்கடியில் பார்த்தால் இந்தக் கூட்டத்துக்குக் காலெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும், பின்னங்காலின் கணுவில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டையைக் கண்டால் எங்களுக்கு ஒரு சின்னப் படபடப்பு வரும். பிறகு ஊசி முனையில் வயிற்றைத் திறந்து சூற்பையை எடுத்துப் பார்ப்போம். அதன் மேல் ஓடும் நுண்ணிய காற்றுக்குழல்கள் சுருண்டிருந்தால் அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத கொசு. சுருள் அவிழ்ந்து நீண்டிருந்தால் முன்பே ரத்தம் குடித்து முட்டையிட்டு வந்தது. இது ஏன் முக்கியம் என்றால், குரங்கிடம் குடித்த கிருமி கொசுவின் உடம்பில் வளர்ந்து கடிவாய்க்கு வந்து சேரப் பத்து நாள் போல ஆகும். அத்தனை நாள் உயிரோடிருந்த கொசுவால்தான் ஆபத்து. ஒரு தோப்பில் வயதான கொசுக்கள் அதிகமாகிக்கொண்டே வந்தால், நோயாளி ஒருவரும் இல்லாவிட்டாலும் நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம்.

அதற்கடுத்து உமிழ்நீர்ச் சுரப்பி. மூன்று இதழாக, கண்ணாடி மாதிரி இருக்கும். அதை மெல்ல அழுத்தினால், கிருமி இருக்கும் கொசுவிலிருந்து அந்தக் கிருமிகள் மெல்லிய கீற்றுகளாக நூற்றுக்கணக்கில் கொட்டும். நூறு கொசு அறுத்தால் ஒன்றில் கிடைக்கும், சில தடவை அதுவும் கிடைக்காது. அதனால்தான் ஒரு இரவு வந்துவிட்டுப் போனால் போதாது. மாதம் ஒருமுறை, மழைக்காலமும் வெயில்காலமும் சேர்ந்து ஒரு சுற்று பார்த்தால்தான் எதையாவது நம்பிச் சொல்ல முடியும். அப்படிக் கிடைத்தாலும் அது நோலெசிதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம் குரங்குகளிடம் ஐந்து வகை மலேரியாக் கிருமி உண்டு; கீற்றுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்த ஐந்தில் இன்னொன்றான சைனோமோல்ஜி திரெங்கானுவில் ஒருவருக்கு இயற்கையாகவே தொற்றியிருந்ததை 2014-இல் அறிவித்தார்கள். அதனால் நோலெசியை மட்டும் தேடினால் போதும் என்று உட்கார முடியாது.

விளக்குப் பொறி வைத்தால் ஆள் உட்கார வேண்டாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தாயிற்று. இந்தக் கொசு விளக்குக்குச் சரியாக வருவதில்லை. மனித வாசனைக்குத்தான் வருகிறது. ஆளை வலைக்குள் உட்கார வைத்து வெளி வலையில் கொசுவைப் பிடிக்கும் முறையும் உண்டு. மாற்று வழிகளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெறும் காலைக் காட்டி உட்காருவது எங்கள் யாருக்கும் ஆசை இல்லை.

எந்தக் கொசு என்று தெரியாமல் வேலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் சனங்கள் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறார்கள். 1901-இல் கிள்ளானிலும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியா தலைவிரித்தாடியது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்து, காட்டை வெட்டினார், காய்ச்சல் இறங்கியது. கரையோரத் தோட்டங்களிலும் அப்படியே செய்தார்கள், அங்கும் பலன் இருந்தது. அங்கே நோயைப் பரப்பியது நிழலான சதுப்பில் வளரும் அம்ப்ரோசஸ் கொசு. நிழல் போனதும் அது போய்விட்டது. அப்புறம் ரப்பருக்காக மலைப்பக்கம் தோட்டங்கள் திறந்தார்கள். அங்கும் காட்டை வெட்டினார்கள். காய்ச்சல் குறைவதற்குப் பதிலாக ஆட்கள் கும்பல் கும்பலாக விழுந்தார்கள். மலையில் இருந்தது மாக்குலேட்டஸ் என்ற வேறு கொசு. வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் அது பெருகும். காட்டை வெட்டி வெயிலைத் திறந்துவிட்டதே அதற்குச் செய்த உபகாரமாகிவிட்டது. மதராஸ் ராஜதானியிலிருந்து கப்பலேறி வந்து லயங்களில் கிடந்த நம் முன்னோர்கள்தான் அதில் போனவர்கள். பிறகு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியாக ஓட விட்டும், எண்ணெய் தெளித்தும்தான் கட்டுப்படுத்தினார்கள். கரையில் உயிர் காத்த அதே வேலை மலையில் உயிர் எடுத்தது. இதைப் படித்த நாளிலிருந்து, 'கொசுவில் என்ன பெரிய வித்தியாசம்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்றிருக்கும்.

நோலெசியின் கதையில் பார்க்காமல் விட்டதற்கும் ஒரு பாடம் உண்டு. 1965-இல், உங்கள் பகாங் காட்டில்தான், இரவு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அமெரிக்க ராணுவ நில அளவையாளர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தைக் குரங்குக்கு ஏற்றிப் பார்த்துத்தான் நோலெசி என்று கண்டுபிடித்தார்கள். இயற்கையாக மனிதருக்கு வந்த முதல் நிரூபணமான நோலெசி அதுதான். அதன்பின் அந்தப் பக்கத்துக் கம்பங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒருவருக்கும் இல்லை. சரி, இது அபூர்வம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாற்பது வருடம் போல யாரும் பெரிதாகத் தேடவில்லை. ஆய்வாளர்கள் பல்பீர் சிங்கும் ஜானெட் காக்ஸ்-சிங்கும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் காப்பிட்டில் மலேரியா நோயாளிகள் 208 பேரின் ரத்தத்தை மரபணுச் சோதனையில் பார்த்து, 120 பேருக்கு நோலெசி என்று 2004-இல் எழுதியபோதுதான் விழித்துக்கொண்டோம்.

விழித்துக்கொண்டோம் என்று பன்மையில் சொல்கிறேனே, அதில் நானும் இருக்கிறேன். பூச்சிப் பக்கம் போவதற்கு முன் சில வருடம் ரத்தத் தகடு, அதாவது கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தம், பார்க்கும் வேலையில் இருந்தேன். நோலெசி தொடக்கத்தில் ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியாக் கிருமி போலவும், கொஞ்சம் வளர்ந்ததும் ரத்த அணுவுக்குக் குறுக்கே பட்டையாக நின்று பிளாஸ்மோடியம் மலேரியே என்ற இன்னொரு வகைக் கிருமி போலவும் தெரியும். அந்த மலேரியே சாதுவானது, ஆளை அபூர்வமாகத்தான் கொல்லும். பட்டையைப் பார்த்தால் 'மலேரியே' என்று எழுதுவோம், அடுத்த தகடை எடுப்போம். காட்டில் மரம் வெட்டிய ஒருவர் தகட்டில் அளவுக்கு மீறிய கிருமி. மலேரியே இவ்வளவு ஏறாதே என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தும் அப்படியே எழுதினேன். அவர் பிழைக்கவில்லை. மற்ற மலேரியாக்கள் இரண்டு நாளுக்கோ மூன்று நாளுக்கோ ஒருமுறை பெருகும். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். திங்கட்கிழமை லேசாகத் தெரிந்தது வியாழக்கிழமை தாங்க முடியாததாகிவிடும். நீங்கள் பெனடோல் கொடுத்துக் காத்திருந்த அந்த இரண்டு நாளைப் படித்தபோது எனக்கு அந்தத் தகடுதான் ஞாபகம் வந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. காட்டோரமாக வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், 'இவர் காட்டுப் பக்கம் போகிறவர், மலேரியாவுக்குத் தகடு பாருங்கள்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். மருந்து நன்றாகவே கேட்கும் நோய் இது, தாமதம்தான் ஆபத்து.

கொசுவைப் பார்த்ததால் கிடைத்தது என்ன என்று கேட்டால், உங்கள் ஊரையே உதாரணமாகச் சொல்லலாம். பேராசிரியர் இந்திரா வைத்திலிங்கமும் அவருடன் இருந்தவர்களும் குவாலா லிப்பிஸ் வட்டாரத்தில் இதேபோல் இரவுகளில் உட்கார்ந்து, அங்கே நோலெசியைச் சுமப்பது கிராசென்ஸ் என்ற கொசு என்று 2008-இல் எழுதினார்கள். காப்பிட்டில் அந்த இடத்தில் இருப்பது லேட்டென்ஸ். சபாவில் பாலபாசென்சிஸ். மூன்றும் ஒரே கூட்டம்தான், ஆனால் கடிக்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறுகிறது. சபாவில் சூரியன் இறங்கி ஆறிலிருந்து எட்டு மணிக்குள் உச்சம். லிப்பிஸில் எட்டு மணியை ஒட்டி. இரண்டு இடத்திலும் மனிதர்கள் வலைக்குள் போகும் நேரம் அது இல்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் நேரம். வலை மட்டும் போதாது என்று இப்போது சொல்கிறோமே, யாரோ காலை நீட்டி உட்கார்ந்து மணிவாரியாகக் குழாயில் எழுதி வைத்ததால் சொல்கிறோம்.

இன்னொன்றும் தெரிந்தது. கிராமத்தைச் சுற்றி அண்மையில் காடு அழிந்த இடங்களில் நோலெசி அதிகம் என்று சபாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. காடு சுருங்கினால் குரங்கு தோப்புக்கு வருகிறது, கொசுவும் பின்னாலேயே வருகிறது. 1940 வாக்கில் கொலம்பியாவில் ஹோர்ஹே போஷெல் என்ற மருத்துவர் காட்டில் மரம் வெட்டுபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய மரம் சாய்ந்ததும் உச்சியிலிருந்த நீலநிறக் கொசுக்கள் மொய்த்துக்கொண்டு வந்து ஆட்களைக் கடித்ததைக் கண்டார். மஞ்சள் காய்ச்சல் ஏன் மரம் வெட்டுபவர்களுக்கே வருகிறது என்பதற்கு அந்த ஒரு காட்சியே விடை. உங்கள் பக்கம் இன்னும் காடு திறந்து டுரியான் வைக்கிறார்கள் என்றால், போன வருடக் கணக்கு இந்த வருடத்துக்கு உதவாது. இதனாலும்தான் மாதாமாதம் வருகிறேன் என்கிறார்கள்.

அதனால் அனுமதி கொடுங்கள். ஆனால் சும்மா தலையாட்டிக் கொடுக்க வேண்டாம், சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். உட்காருகிறவர்கள் பயிற்சி பெற்றவர்களா, மலேரியா வராமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். தோப்பில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தம்பிகளையோ, கம்பத்துப் பையன்களையோ பத்து வெள்ளி கொடுத்து உட்கார வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கிடைத்த விவரத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். எங்கள் துறையின் பெரிய குறை இதுதான். இரவெல்லாம் ஒருவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டு, எண்களை அறிக்கையில் போட்டு மேலே அனுப்பிவிடுவோம். நிலத்துக்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடப் போகாது. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

அப்பா தோப்புக்குப் போகட்டும். வீட்டில் உட்காரச் சொன்னால் அவர் உட்கார்ந்துவிடுவாரா என்ன. நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வெயில் நன்றாக வந்தபின் போய், சாயங்காலம் ஐந்தரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பழக்காலத்தில் இரவு காவல் இருப்பதுதான் சிக்கல். பழம் தரையில் விழாமல் மரத்தடியில் வலை கட்டும் தோப்புகள் இப்போது உண்டு. அப்படிச் செய்தால் இருட்டில் பொறுக்கப் போக வேண்டாம். காவல் இருந்தே ஆக வேண்டும் என்றால் குடிசைக்குள் மருந்து நனைத்த வலை கட்டுங்கள், வெளியே இருக்கும் நேரத்தில் முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, காலுறை. தோல் தெரியும் இடத்தில் டீட் அல்லது பிக்காரிடின் உள்ள கொசு விரட்டிக் களிம்பு. வியர்த்தால் திரும்பப் பூச வேண்டும், பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கைப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள் திறந்த வெளியில் அவ்வளவாக உதவாது. பிள்ளைகளைச் சாயங்காலத்தில் தோப்புக்குக் கூட்டிப்போக வேண்டாம், பகலில் போகலாம்.

தோப்புக்குள் ஓடும் வண்டித் தடத்தையும் ஒருமுறை நடந்து பாருங்கள். நிழலில், இலை விழுந்து தண்ணீர் தேங்கின சக்கரப் பள்ளம், மாட்டுக் குளம்பு பதிந்த குழி, இதெல்லாம் இந்தக் கொசு முட்டையிடும் இடம். மண் போட்டு மூடுங்கள். காட்டுக்குள் இருப்பதை உங்களால் மூட முடியாது. தோப்பில் இருப்பதை மூடலாம்.

அடுத்த மாதம் அந்த நான்கு பேர் வரும்போது ஒரு கோப்பி கொடுத்து, போன தடவை எந்த மணிக்கு அதிகம் விழுந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் மணிக்கு ஒரு மணி நேரம் முன்பே அப்பா வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த மணியைப் பெரிதாக எழுதிக் காவல் குடிசைக் கதவில் ஒட்டி வையுங்கள். கொசுவும் இடமும் மாறினால் அந்த மணியும் மாறும், அப்போது அழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.